மயிற்பொறியும் நந்தியும்

தமிழ்ப்பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டுவரும் கற்பனைக் கட்டுரைத் தலைப்புகளுள் ‘நான் ஒரு விமானியானால்’ என்பதும் ஒன்று. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப் பள்ளிகளுக்கு இத்தலைப்போடு ஒரு தனி அணுக்கம் உண்டு. 1998ஆம் ஆண்டு சூன் திங்களில் சிப்பாங்கில் திறக்கப்பெற்ற பன்னாட்டு விமான நிலையம், நீலாய், லாபு ஆகிய ஊர்களுக்கு மிக அண்மையில், பெரும்பகுதி தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்தது. அவ்வட்டாரத்துப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால், சக்கரங்களை இறக்கிக்கொண்டு தாழ்ந்துவரும் ஊர்தி செம்பனை ஓலைகளுக்கு அப்பால் மறைவதைக் காணலாம். அந்தப் பிள்ளைக்கு விமானம் ஏட்டுச் செய்தியன்று. அன்றாடம் காணும் பொருள்.

அவ்வாறிருந்தும் அப்பிள்ளை எழுதும் கட்டுரையில் விமானம் பறப்பதில்லை. வெண்ணிறச் சீருடை வரும். தோளில் பொன்னிறப் பட்டை வரும். கை நிறையச் சம்பளம் வரும். தாய்தந்தையரை ஏற்றிக்கொண்டு தமிழகத்துத் திருத்தலங்களுக்குச் செல்லும் பயணம் வரும். இறுதிப் பத்தியில் சமுதாயத்திற்கும் நாட்டிற்கும் சேரும் பெருமை தவறாமல் வரும். வாராதது ஒன்றே ஒன்று, ஊர்தியைச் செலுத்துதல். விமானியின் கை எதனைத் தொடுகிறது, அவன் கண் எதனை நோக்குகிறது, எவ்வளவு காலம் எதனைப் பயின்றபின் அக்கைக்கு அத்துணிவு வந்தது என்பன பற்றி ஒரு வரியும் இராது.

இதனைப் பிள்ளையின் குறையாகக் கொள்ளுதல் முறையன்று. மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் அவ்வாறே எழுதிக் காட்டின. ஆசிரியர் அவற்றையே கரும்பலகையில் எழுதினர். தேர்வில் மதிப்பெண்ணும் அவற்றுக்கே கிடைத்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பெற்ற பின்னரும் அவ்வச்சு உடையவில்லை. வேறொரு காட்டு இல்லாதவரை அஃது உடையப்போவதும் இல்லை. ஆகவே, ஒரு தொழிலில் தேர்ச்சி பெறுதலும் அத்தேர்ச்சியிலேயே மனநிறைவு காணுதலும் தமிழ் எழுத்தில் எவ்வாறு பதிவாகியுள்ளன என்பதை, வானிற் பறத்தல் என்னும் இவ்வொரு பொருளை மட்டும் கொண்டு நோக்குவது பயனுடையது. அதற்கு இரண்டு இடங்கள் சிறப்பாக உரியன. ஒன்று, திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி. மற்றொன்று, ஆ. ப. செ. அப்துல் கலாமின் தன்வரலாறாகிய ‘அக்கினிச் சிறகுகள்’.

வான்வழிச் செலவு பற்றிய குறிப்புகள் பழந்தமிழில் குறைவல்ல. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கி, புலவர் பாடும் புகழ் உடையோர்க்கு வலவன் செலுத்தாத வானவூர்தி வாய்க்கும் என்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனோடு வானவூர்தி ஏறுகிறாள். கம்பனில் புட்பக விமானம் இராமனை அயோத்தி நோக்கிக் கொணர்கிறது. இம்மூன்றும் மேடைதோறும் அடுக்கப்படுகின்றன. அடுக்கியபின், ரைட் உடன்பிறப்புகளுக்கு முன்பே தமிழன் பறந்துவிட்டான் என்னும் முடிவு வந்து நிற்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது.

இம்முடிவு பாடல்களுக்கும் நீதி செய்யவில்லை; ரைட் உடன்பிறப்புகளுக்கும் நீதி செய்யவில்லை. புறநானூற்றுப் புலவர் கூறும் ஊர்தியின் சிறப்பே அதற்கு வலவன் இல்லை என்பதுதான். மண்ணுலகத் தேருக்கு வலவன் வேண்டும் என்பதை நன்கறிந்தவராதலின், வானுலக ஊர்தியை அவன் இல்லாத ஊர்தி என்று பிரித்துக் காட்டுகிறார். கண்ணகி ஏறிச் செல்கிறாள், செலுத்தவில்லை. புட்பகத்தில் அமர்ந்தாரும் அவ்வாறே. இவை அருளால் வாய்ப்பன. பயிற்சியால் வாய்ப்பன அல்ல. ரைட் உடன்பிறப்புகளின் வரலாறோ முற்றிலும் பயிற்சியின் வரலாறு. 1903 திசம்பர் 17இல் அவர்களது எந்திர ஊர்தி முதன்முதல் எழுந்தபோது பன்னிரண்டு நொடிகளே பறந்தது; 120 அடி தொலைவே சென்றது. அதற்கு முன்னர், 1902இல் மட்டும், எந்திரமில்லா ஊர்தியில் எழுநூற்றுக்கு மேற்பட்ட முறை மணற்குன்றிலிருந்து சறுக்கிப் பறந்து, காற்றில் நிலைகுலையாது நிற்கக் கற்றிருந்தனர். எந்திரத்தை அவர்கள் பின்னர்த்தான் பூட்டினர். முதலிற் பழக்கியது தம் உடலை. முந்தியவர் யார் என்னும் வழக்கில் இந்த எழுநூறு முறையும் காணாமற் போய்விடுகிறது.

பழந்தமிழில் இந்தப் பயிற்சியின் வாடை வீசும் இடம் ஒன்று உண்டென்றால் அது சிந்தாமணியின் நாமகள் இலம்பகமே. கதை தமிழாசிரியர் அறிந்ததுதான். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தேவி விசயைமேற் கொண்ட பெருங்காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். தேவி கண்ட தீக்கனவால் தன் முடிவு நெருங்குவதை உணர்கிறான். கருவுற்ற தேவியையேனும் காக்க வேண்டித் தொழில்வல்லான் ஒருவனைக் கொண்டு மயில் வடிவான பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் விசயை அதில் ஏறி வான்வழியே செல்கிறாள், சுடுகாட்டில் இறங்குகிறாள், அங்கே சீவகன் பிறக்கிறான்.

இப்பகுதியைக் கற்பிப்போர் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றனர். பாட்டின் உயிர் இதற்கு அடியில் இருக்கிறது. முதலாவது, அப்பொறி எதனாற் செய்யப்பட்டது என்பதைத் தேவர் கூறுகிறார். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியன. வரத்தால் வந்ததன்று, முனிவன் தந்ததன்று, ஒரு கைவினைஞன் ஏழு நாளில் செய்தது. பட்டறையிற் கிடக்கும் பொருள்களின் பட்டியலைப் பெருங்காப்பியச் செய்யுளில் இடம்பெறச் செய்ததற்குத் துணிவு வேண்டும். புட்பக விமானத்தில் பிசின் இல்லை.

இரண்டாவது, பொறியைச் செய்ததோடு வேலை முடியவில்லை; தேவி அதனைக் கற்க வேண்டியிருந்தது. மன்னன் கற்பிக்கிறான். வலப்புறம் திருகினால் மயில் முகிலைப் பிளந்து மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கிக் காலைக் குவித்து அமரும். எழுதல் போன்றே இறங்குதலும் கற்கவேண்டிய ஒன்று என்பதைத் தேவர் மறக்கவில்லை. இன்றைய விமானப் பயிற்சியாளரும் தரையிறங்குதலைத்தான் அரிதென்பர். இங்கே தேவர் ஆளும் ஓர் அடைமொழி நின்று நோக்கத்தக்கது. பொறியைத் திருகும் அவ்விரல்களைப் பண் தவழும் விரல்களாக அவர் காண்கிறார். மெல்லிய விரல் என்றோ காந்தள் விரல் என்றோ பாடியிருக்கலாம். செய்யுள் மரபு அதற்கு நிறைய இடங்கொடுத்திருக்கும். நரம்பறிந்த விரலாதலின் பொறியையும் அறிந்தது என்னும் குறிப்பு அவ்வோர் அடைமொழியில் அடங்கியுள்ளது. யாழ் பயின்ற கைக்கு எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஒலிக்கும் என்பது தெரியும். அந்தத் தெரிவே இங்கு வேறொரு கருவிக்கு மாறுகிறது. தேர்ச்சி என்பதை இதனினும் சுருக்கமாகச் சொன்ன இடம் தமிழில் மிகச் சிலவே.

மூன்றாவது, அத்தேர்ச்சி எங்கே முறிகிறது என்பது. வானிற் செல்லும் விசயையின் காதில் கட்டியங்காரனின் வெற்றி முரசு விழுகிறது. கணவன் மாண்டான் என்பதை அம்முரசு அறிவிக்கிறது. அவள் மயங்குகிறாள், மயில் இறங்குகிறது. கற்றது முழுவதும் கைவிட்டுப் போவது ஒரு முரசொலியில். கலையில் தேர்ந்தவர்க்குத் துயரம் இல்லை என்று தேவர் பொய் கூறவில்லை. பெற்ற தேர்ச்சி அவளைக் கணவனிடமிருந்து பிரிப்பதற்கே பயன்பட்டது என்பதும் இதில் உண்டு. மன்னன் அவளுக்குப் பொறியைக் கற்பித்த ஒவ்வொரு நாளும், தான் இல்லாத ஒரு நாளுக்கென்றே கற்பித்தான்.

குறையும் இல்லாமலில்லை. பறத்தலால் அவள் பெற்ற இன்பம் எத்தகையது என்பதைத் தேவர் விரித்துரைத்தாரல்லர். நகரையும் நாட்டையும் பாடல் பாடலாக விரிப்பவர், ஒரு பெண் முதன்முதல் தன் கைவன்மையால் மண்ணை விட்டெழுந்த கணத்தை விரைந்து கடந்துவிடுகிறார். மயிற்பொறி வடமொழிச் சீவகன் கதைகளிலும் வருவதால் அதனைத் தமிழர்க்கே உரிய கண்டுபிடிப்பு என்று பேசுவதும் பொருந்தாது. தேவரிடம் கற்கவேண்டியது பொறியையன்று. பொறியின்மேல் அவர் வைத்த விரல்களை.

விசயையின் மரபில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் நம் காலத்துக்கு அண்மையிலும் இருந்தார். உசா சுந்தரம், இந்திய விடுதலைக்குப் பின் பெங்களூர் சக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் விமானம் செலுத்தக் கற்றவர். 1951இல் கணவர் வி. சுந்தரத்துடன் ‘டவ்’ வகை விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் செலுத்திக் கொணர்ந்தார். கட்டுரைத் தொகுப்புகள் இவரை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இனி அப்துல் கலாம். ‘அக்கினிச் சிறகுகள்’ 1999இல் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர்த் தமிழில் பெயர்க்கப்பட்டது. கனவு காணுங்கள் என்னும் அவரது அறிவுரையே பள்ளிச் சுவர்களில் எழுதப்படுகிறது. அந்நூலைப் படித்தோர் அறிவர், அது கனவின் நூலாக இருப்பதைவிடத் தோல்வியின் நூலாக இருக்கிறது என்பதை. இராமேசுவரத்துக் கடற்கரையில் கொக்கும் கடற்காக்கையும் பறப்பதைக் கண்ட சிறுவன், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர விரும்பியபோது கட்டணத்துக்குப் பணமில்லை. தமக்கை சொகரா தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அக்கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த, பறத்தல் ஓய்ந்த இரண்டு விமானங்களின் அருகே, மற்றவர் விடுதி திரும்பிய பின்னரும் அமர்ந்திருந்தவர் அவர். பின்னர் விமானப்படைத் தேர்வுக்குத் தேராதூன் சென்றார். 25 பேரில் எட்டுப் பேர் தெரிவு செய்யப்பட இருந்தனர். அவர் ஒன்பதாமவராக வந்தார்.

இவ்விடத்தில் நூலின்மேல் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. ஒன்பதாம் இடம் என்பது ஒரு மனிதனின் வாழ்நாள் விருப்பம் ஒரே ஒரு படியில் தவறிய செய்தி. நூல் அதன்மேல் தங்கவில்லை. சில பத்திகளிலேயே ரிசிகேசம் வந்துவிடுகிறது. சுவாமி சிவானந்தர் வந்துவிடுகிறார். விமானியாதல் தமக்கு விதிக்கப்படவில்லை என்னும் தேறுதலும் வந்துவிடுகிறது. அத்தேறுதல் அவர்க்கு உண்மையானதாக இருக்கலாம், அதில் ஐயமில்லை. எழுத்தைப் பொறுத்தவரை அது விரைந்து வந்த தேறுதல். படிக்கும் மாணவன் ஒன்பதாம் இடத்தின் வலியை உணர்வதற்குள் அதற்கு மருந்து கொடுக்கப்பட்டுவிடுகிறது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளில் ஒன்பதாமவராக நிற்போரே மிகுதி. அவர்களுக்கு அந்த வலி நூலில் இன்னும் இரண்டு பக்கம் இருந்திருந்தால் துணையாக இருந்திருக்கும்.

அக்குறையை நிறைவு செய்யும் பகுதி பிற்பாடு வருகிறது. வாசகர் பலர் அதனை விரைந்து புரட்டிவிடுகின்றனர். பெங்களூரில் கலாம் இளம் அறிவியலாளராக இருந்தபோது, தரைக்குமேல் காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவர் தலைமையில் ஒரு சிறு குழுவுக்கு அளிக்கப்பட்டது. முன்மாதிரியும் இல்லை, பட்டறிவு உடையோரும் இல்லை. சிவபெருமானின் ஊர்தியாகிய நந்தியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 550 கிலோ எடையோடு தரைக்குமேல் நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் அது மிதந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருட்டிண மேனன் அதில் ஏற விரும்பினார். உடன்வந்த விமானப்படை அதிகாரி பல்லாயிரம் மணிநேரம் பறந்தவர். பழக்கமில்லாத குடிமகன் ஒருவன் அமைச்சரை ஏற்றிச் செல்வதை விரும்பாமல், தாமே செலுத்துவதாகக் கூறிக் கலாமை இறங்கச் சைகை காட்டினார். கலாம் தலையசைத்து மறுத்துவிட்டார். தாமே செய்த ஊர்தி. அதன் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவர் தாம். அமைச்சரை அவரே ஏற்றிச் சென்றார்.

வானத்தை விரும்பிய மனிதர்க்குக் கிடைத்த உயரம் நான்கு விரற்கடைக்கும் குறைவு. தம்மை ஒன்பதாமவர் என்று ஒதுக்கிய அதே படையின் அதிகாரி ஒருவர் முன்னிலையில், அந்த நாற்பது மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்க அவர் மறுத்தார். நூலின் உச்சம் ஏவுகணைகளில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. கட்டளையாலும் பட்டத்தாலும் வாராத உறுதி, செய்து பழகியதால் மட்டுமே வரும் உறுதி, ஒரு தலையசைப்பில் வெளிப்படுகிறது. கலாம் இதனைப் பெருமையாக விரித்துப் பேசவும் இல்லை. அதனால்தான் அது நிலைக்கிறது. மேனன் பதவி விலகிய பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நூல் வெளிவந்து ஏழாண்டுக்குப் பின்னர், 2006 சூன் 8ஆம் நாள், குடியரசுத் தலைவராக இருந்த கலாம் தம் 74ஆம் அகவையில் புனே விமானத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். செய்தித்தாள்கள் அதனைக் கனவு நிறைவேறிய நாளாக எழுதின. அவ்வாறு எழுதுதல் எளிது. அன்று அவர் பயின்ற விமானி ஒருவரின் துணையோடு பறந்தார். நந்தியில் அவரே வலவர்.

மேனாட்டு எழுத்தில் இத்துறைக்கு ஒரு பெயர் உண்டு. ‘குட்டி இளவரசன்’ வழியாகத் தமிழ் மாணவர் அறிந்த அந்துவான் த செந்த்-எக்சுபெரி அஞ்சல் விமானியாக இருந்தவர். 1935 திசம்பர் இறுதியில் இலிபியப் பாலைவனத்தில் விமானம் விழுந்து, நீரின்றித் தன் துணைவரோடு நடந்து, பாலைவன மக்களால் காக்கப்பட்டார். 1944 சூலை 31இல் பறந்துசென்றவர் திரும்பவில்லை. 1939இல் அவர் வெளியிட்ட நூலில் விமானம் வியப்புப் பொருளாக வருவதில்லை. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி ஒரு கருவியாக வருகிறது. கருவியோடு உழைத்துத்தான் நிலத்தை அறிய முடியும் என்பது அவரது துணிபு. பறத்தலைப் பற்றி எழுதுவோர் ஏரை நினைப்பது தற்செயலன்று.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஏர் தெரியாது. ஆனால் கத்தி தெரிந்திருக்க வேண்டும். இன்று லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரங்களில் பால்மரம் அருகிச் செம்பனை நிற்கிறது. மக்களுட் பலர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்துவிட்டனர். பள்ளிகள் மட்டும் பழைய தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும் அப்பிள்ளையின் பாட்டி மரஞ்சீவியவராக இருக்கக்கூடும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கி, பனியில் மரத்தைத் தொட்ட கை அவருடையது. பட்டையைச் சீவும்போது கத்தி சிறிது மேலே போனால் பால் வடியாது. சிறிது ஆழ்ந்தால் மரத்திற்குக் காயம். பட்டை மீண்டும் வளரும்போது புடைத்துக்கொள்ளும். இடையில் விடவேண்டிய பட்டையின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அளவுகோல் இல்லை, விளக்கொளியும் போதாது, கை அறியும். அன்றாடம் பல நூறு மரங்களில் அக்கை தவறாமல் அறிந்தது. அதற்குப் பட்டமும் இல்லை, தோட்பட்டையும் இல்லை. கங்காணியின் ஏச்சு உண்டு. அத்தேர்ச்சியில் அவ்வம்மையார் மனநிறைவு கண்டாரா என்று கேட்டு எழுதியவர் மிகச் சிலரே. தோட்ட வாழ்வைப் பாடிய நம் சிறுகதைகளும் கவிதைகளும் அவரது கண்ணீரை எழுதின, எழுதியது முறையே. கத்தியை எழுதியவை குறைவு. துன்பத்தைப் பதிவு செய்யும் அவசரத்தில் திறமை விடுபட்டுவிட்டது. விடுபட்டதால், தன் குடும்பத்தில் தேர்ச்சி என ஒன்று இருந்ததே இல்லை என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. அதனைச் சீருடையில் தேடப்போகிறது.

பிள்ளைகள் விமானியாக விரும்பலாகாது என்பது இதன் பொருளன்று. அப்பயிற்சிக்கு இலட்சக்கணக்கான வெள்ளி வேண்டும் என்பதும், எந்த வீட்டில் எந்தத் தமக்கையின் வளையல் அடகுக்குப் போகும் என்பதும் அவர்கள் வளர வளர அறியத்தான் போகிறார்கள். கட்டுரை வகுப்பில் செய்யக்கூடியது சிறிது. நாமகள் இலம்பகத்து மயிற்பொறிப் பாடல்கள் மிகச் சிலவே. இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு ஒரு பாடவேளையில் பொருள் கூறி முடிக்கலாம். தொடக்கப்பள்ளியில் கதையாகவே சொல்லலாம், விரல்களை விட்டுவிடாமல். அதன்பின் அண்டை வீட்டு முதியவர் ஒருவரிடம் பிள்ளையை அனுப்பி, கத்தியை எப்படிப் பிடிப்பது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, முதன்முதல் எத்தனை மரத்தைக் காயப்படுத்தினார் என்பவற்றைக் கேட்டுவரச் செய்யலாம். ‘நான் ஒரு விமானியானால்’ அடுத்த வாரத்திற்குக் காத்திருக்கலாம். அதற்குள் பள்ளித் திடலுக்கு மேலே தாழும் ஊர்தியில் சக்கரம் எப்போது இறங்குகிறது, இறக்கையின் பின்விளிம்பு எவ்வளவு கீழே வளைகிறது, காற்றடிக்கும் நாளில் அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பவற்றைப் பிள்ளைகள் பார்த்துக் குறித்துவைக்கட்டும்.